முன்னால் நட, மேரி

ஆவூருக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிக் கிடந்த அந்தச் சின்ன ஊரில், பெண்டாட்டியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போகிற ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் சவரிநாதன். மற்ற ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை வீசி முன்னே போவார்கள். பெண்டாட்டிமார் இடுப்பில் பிள்ளையும் தலையில் சுமையுமாக அவர்கள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அதுதான் மரியாதை என்று எல்லோரும் சொன்னார்கள். யாருக்கு மரியாதை என்று யாரும் கேட்டதில்லை.

அடைக்கலமேரிக்கு இந்தச் சங்கதி கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. 1949-ம் வருஷம், தவசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்று அதற்கு முன் அவசர அவசரமாக நடந்த கல்யாணம். கடலைக் கொல்லையைக் காட்டுவதற்காக அவர் அவளைக் கூட்டிப்போனார். ஊர் எல்லை தாண்டியதும் நின்றார்.

"முன்னால் நட, மேரி."

"நான் எப்புடிங்க முன்னால போறது? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"சொன்னாச் சொல்லிட்டுப் போறாக. நீ என் கண்ணு முன்னாலயே இரு."

புதுப்பெண்ணிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? உச்சி குளிர்ந்துபோனாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு வாரம் சிரித்த முகமாக இருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் நான்கு பெண்களில் கடைசியாகப் பிறந்து, மூத்தவர்கள் மூன்று பேரைக் கட்டிக்கொடுத்தே களைத்துப்போன வீட்டில் மிச்சமாக நின்றவள். வாய் கொஞ்சம் நீளம். 'இவளைக் கட்டுறவன் காதுல பஞ்சு வச்சுக்கணும்' என்று அக்காமார் கேலி பேசுவார்கள். ரெண்டாம் தாரமாகக் கேட்டு ஆள் வந்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். நெடுநெடுவென்று உயரம், நாற்பதைத் தொடுகிற வயது, காதோரம் நரை. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்துவிட்டு, சண்டைக் காலத்தில் பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்தவர். அந்தக் கண்களில் ஏதோ ஒன்று பயந்துபோயிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பிடித்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்பு சாமியார் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். சவரிநாதனிடம், முதல் மனைவி இறந்தது உறுதிதானா என்று கேட்டார். உறுதி தெரியாமல் மறு கல்யாணத்தைக் கோயிலில் மந்திரிக்க முடியாது. "வார வழியில காலராங்க சாமி. நானே என் கையால குழி தோண்டிப் பொதச்சேன்" என்று வேதபுத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னார் சவரிநாதன். அவள் பெயர் மதலேன்.

அடைக்கலமேரியிடம் சாமியார் கேட்டது ஒரே கேள்வி. "மாப்பிள்ளை பேரு தெரியுமா?" அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, பீடத்தில் நின்ற, அவர் பெயருக்குரிய சவேரியார் சுரூபத்தைக் கையால் காட்டினாள். சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். புருஷன் பெயரைப் பெண்பிள்ளை வாயால் சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். கட்டப்போகிறவனுக்கே அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டாள் என்று ஊரில் நல்ல பெயர்.

குடித்தனம் நன்றாகத்தான் போயிற்று. சவரிநாதன் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஊருணிக்குப் போய்த் தாமே குடத்தில் தண்ணீர் எடுத்துவருவார். ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் சிரித்துவிட்டு வீட்டில் போய்ப் பெருமூச்சு விட்டார்கள். பனங்கிழங்கு சுட்டால் நார் உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தாம் தின்பார். அடைக்கலமேரிக்கு அவர்மேல் உயிர். அவளே இரண்டொரு முறை அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் கூடவே இருப்பவளுக்குச் சில காரியங்கள் கண்ணில் படாமல் போகுமா?

பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். ஒருநாள் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவரை, கஞ்சிக் கலயத்தோடு போன அடைக்கலமேரி பின்னாலிருந்து "என்னங்க" என்றாள். அவர் முதுகு விறைத்துப்போயிற்று. களைக்கொட்டு பாதியில் நின்றது. திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றதே தவிர, முகம் திரும்பவில்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்ற பிறகுதான் மூச்சு விட்டார். முகம் வியர்த்துக் கொட்டியிருந்தது. "நீயா" என்றார். பிறகு அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரரைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

நடக்கும்போது அவளுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டிருப்பார். அவள் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடப்பார், இடம் குறையாது. பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து இளைப்பாறினால், துண்டால் தூசி தட்டிவிட்டு அவளை ஓர் ஓரத்தில் உட்காரச் சொல்வார். தாம் மறு ஓரத்தில் உட்காருவார். நடுவில் தட்டிவிட்ட இடம் சும்மா கிடக்கும். உச்சி வெயிலில், காக்கை கத்துவதுகூட நின்றுபோன நேரத்தில், அந்த வெறும் இடத்தைப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்யும். ஒருமுறை வேண்டுமென்றே நகர்ந்து அங்கே உட்காரப் போனாள்.

"அங்கிட்டு வேணாம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்.

அடைக்கலமேரி முட்டாள் இல்லை. செத்த பெண்டாட்டியை மனுஷனால் மறக்க முடியவில்லை, செத்தவள் ஆத்துமம் இளைப்பாறவில்லை, அதுதான் விஷயம் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அதற்கு வேதக்காரர்களிடம் மருந்தா இல்லை? அடுத்த வருஷம் நவம்பர் மாதம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்று மரித்தவர்கள் பெயரையெல்லாம் வாசித்துப் பூசை வைப்பார்கள். கோயில் உபதேசியாரிடம் போய், "எங்க வீட்டுக்காரரோட மொதச் சம்சாரம் பேரையும் சேத்து வாசிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். சவரிநாதன் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட மதலேனுக்காகப் பூசை வைத்ததில்லை என்று உபதேசியார் சொன்னது, அப்போது அவள் காதில் சரியாக ஏறவில்லை.

பூசையன்று ஆண்கள் பக்கம் முழங்காலில் நின்றிருந்தார் சவரிநாதன். உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்து, "பர்மா தேசத்தில் மரித்த மதலேன்" என்றார். அடுத்த நொடி சவரிநாதன் எழுந்தார். அத்தனை பேர் நடுவில், பீடத்துக்கு முழங்கால்கூட மடக்காமல், விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

அடைக்கலமேரி வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் முன்னால் போய் நின்றாள்.

"நல்லதுன்னுதாங்க செஞ்சேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அவள ஏன் சாகடிச்சே மேரி?" என்றார்.

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தன் கையால் புதைத்தேன் என்று வேதபுத்தகத்தில் கைவைத்துச் சொன்னவர், பெயரை வாசித்ததால் அவள் செத்தாள் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? மதலேன் உயிரோடு இருக்கிறாளா? இருந்தால் கோயிலில் ஊரறியத் தாலி வாங்கிக்கொண்ட நான் யார்?

இந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டுக் காத்தாயி பதில் வைத்திருந்தாள். காத்தாயிக்கு ஐயனார் கோயில் கொடையிலிருந்து ஆவூர்க் கோயில் பூசை வரைக்கும் நடக்கிற எதுவும் தெரியாமல் இருக்காது. அவள் ஒன்றுவிட்ட தம்பி திருப்பதி என்பவன், திருக்கோகர்ணத்தில் இருப்பவன், சவரிநாதன் வந்த அதே கூட்டத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவன்.

"சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் ஆத்தா. காலராவும் இல்ல கழிச்சலும் இல்லயாம். மலை ஏறுற வரைக்கும் அந்தப் புள்ள கூடவே வந்துச்சாம். எறங்கையில இவுக மட்டும் எறங்குனாகளாம். பாதையோரம் ஒரே கிடுகிடு பள்ளமாம்."

"அப்புடின்னா?"

"அப்புடின்னா எனக்கென்ன தெரியும்? நீ மாசமா இருக்குறவ, சூதானமா இரு. முன்னால நடக்கவிட்டுப் பின்னால வாராகளேன்னுதான் எனக்கு ராத்திரி தூக்கமில்ல."

காத்தாயி பற்றவைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அடைக்கலமேரிக்கு முதுகில் கண் முளைத்துவிட்டது. அதுவரை அன்பு என்று நினைத்திருந்த ஒவ்வொன்றும் வேறு மாதிரியாகத் தெரிந்தது. கொல்லைக்குப் போகும்போது பின்னால் அவர் காலடிச் சத்தம் கேட்கும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். சில நாள் அவருடைய செருப்புச் சத்தத்துக்கு நடுவில் வெறுங்கால் சத்தம் ஒன்றும் கேட்பதுபோல இருக்கும். பயம் பிடித்தவள் காதுக்கு எதுதான் கேட்காது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். கிணற்று மேட்டுக்கு அவர் கூப்பிட்டால் தலைவலி என்பாள். அரிவாளைச் செருகுகிற கூரை இடுக்கிலிருந்து எடுத்து வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்தாள். அவர் தேடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேறு அரிவாள் இரவல் வாங்கிக்கொண்டு போனார். அப்படி ஒன்றும் கேட்காமல் போனதுதான் அவள் நெஞ்சைப் பிசைந்தது. அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று எத்தனையோ தரம் நினைத்தாள். ஆனால் பனங்கிழங்கை உரித்து நீட்டுகிற அந்தக் கையைப் பார்த்தால் போக மனம் வராது. ஒருவரிடம் பயமும் ஆசையும் ஒன்றாக இருந்தால் உடம்பு என்ன ஆகும்? அவள் துரும்பாக இளைத்தாள்.

சித்திரை மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்றில் ஏழு மாசம். மூன்று நாளாகக் கஷாயத்துக்கு அடங்காத காய்ச்சல், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்றார்கள். வண்டி மாடுகள் எல்லாம் சந்தைக்குப் போயிருந்தன. பஸ் வருகிற ரோட்டுக்குக் கண்மாயின் உள்வாய் வழியாக நடக்கவேண்டும். சித்திரையில் கண்மாய் வறண்டு, வெடித்த மண்ணும் கருவேல மரமுமாகக் கிடந்தது. உச்சிப்பொழுது. அனல் தரையிலிருந்து எழும்பி ஆடியது.

"முன்னால் நட, மேரி. மெதுவாப் போ" என்றார் சவரிநாதன்.

அவள் நடந்தாள். கண்மாயின் நடுவுக்கு வந்தபோது முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கியது. வந்து தூக்குவார் என்று கையை நீட்டினாள்.

செருப்புச் சத்தம் அவளைக் கடந்து போயிற்று.

அடைக்கலமேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சவரிநாதன் நேரே பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். அவர் முகம் அவர் முகமாகவே இல்லை. கண் திறந்திருந்தது, அதற்குள் ஆள் இல்லை. "நில்லாம நட, நில்லாம நட" என்று வாய் முணுமுணுத்தது. முன்னால் ஏதோ கூட்டம் போவதுபோலவும், அதை விட்டுவிடக் கூடாது என்பதுபோலவும் எட்டி வைத்தார்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

நடை வேகமாயிற்று.

"என்னங்க, என்னால முடியலங்க. என்னங்க."

ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் போனார். சாட்டையடி வாங்குகிற மாடு அப்படித்தான் போகும். கருவேல நிழல்களுக்குள் அவருடைய வெள்ளை வேட்டி சின்னதாகிக்கொண்டே போயிற்று. தன்னை இவர் தள்ளிவிடப் போவதில்லை, வெட்டப் போவதில்லை, இதுதான் செய்யப் போகிறார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. மதலேனும் இப்படித்தான் கிடந்து இந்த முதுகைப் பார்த்திருப்பாள். இதே வார்த்தையைத்தான் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். வேறு வார்த்தை அவளுக்கும் தெரியாதே.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அடைக்கலமேரி இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சவரிநாதா."

கண்மாய்க் கரையில் மோதி அந்தப் பெயர் திரும்பி வந்தது. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம்.

வெள்ளை வேட்டி நின்றது. அவர் மெல்ல, கழுத்து முறிகிறவர்போல, திரும்பினார். அவளைப் பார்த்தார். பிறகு ஓடிவந்தார். செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் விழுந்தது. வந்து மண்ணில் விழுந்து அவள் முகத்தை, கையை, வயிற்றை மாறி மாறித் தொட்டுப் பார்த்து, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார்.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த வெயிலில் உட்கார்ந்தே சொன்னார்.

"மலைப்பாதை, மேரி. ஒத்தையடிப் பாதை. முன்னாலயும் சனம், பின்னாலயும் சனம். நின்னா மிதிச்சுருவாக. அவளுக்குக் காய்ச்சல், பின்னால வந்தா. அங்கிட்டு எல்லாம் நம்ம பக்கத்துப் பொம்பளைக. அத்தனை பேரும் 'என்னங்க, என்னங்க'ன்னு புருசனக் கூப்புடுறாளுக. அவளும் அதையேதான் கூப்புட்டிருக்கா. எவன் பொண்டாட்டியோ எவனையோ கூப்புடுறான்னு நெனச்சு நடந்துட்டேன். மலை எறங்கித் திரும்பிப் பாத்தா ஆளக் காணம். என் பேரச் சொல்லியிருந்தா..."

அடைக்கலமேரிக்குக் காய்ச்சலிலும் வாய் சும்மா இருக்கவில்லை. இதைக் கேட்காமல் விட்டால் இவரோடு இனி ஒரு நாளும் வாழ முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பொண்டாட்டி கொரலு ஒங்களுக்குத் தெரியாதா?"

ஒரு மைனா கருவேலங்கிளையில் வந்து உட்கார்ந்து பறந்தும் போயிற்று.

"தெரியும்" என்றார்.

பிறகு சொன்னார். "தெரிஞ்சுதான் நடந்தேன். எவளோன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அன்னையிலருந்து கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கா. ஒன்னயப் பின்னால விட்டா ஒன்னயும் விட்டுருவேன். அதான் முன்னால நடக்கவிட்டேன். பேரச் சொல்லிட்டியே, அதுக்கு மேல யாரையோன்னு ஏமாத்திக்க முடியல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெறுப்பு வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் தங்கவில்லை. "தூக்குங்க. பஸ் போயிரும்" என்றாள்.

அவர் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தார். வழியில் எங்கும் இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் தணிந்தது. ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. சூசைமேரி என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைக்குப் பிறகு அடைக்கலமேரி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டில், கொல்லையில், ஊருணியில், கோயில் வாசலில், எங்கும். ஊர் காறித் துப்பாத குறை. காத்தாயி ஒரு மாதம் பேசவில்லை, பேசாமல் இருக்க முடியாமல் மறுபடி வந்துவிட்டாள். "ஆயுசு கொறஞ்சா எனக்குத்தானே நட்டம், ஒங்களுக்கென்ன?" என்று எல்லோர் வாயையும் அடைத்தாள் அடைக்கலமேரி. மதலேன் விஷயத்தைச் சாமியாரிடம் அவள் சொன்னாளா என்று கேட்டால், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் பேசியது நமக்கு எப்படித் தெரியும்? ஆத்துமாக்கள் திருநாளன்று மட்டும் இருவரும் போய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஒரு மெழுகுதிரி ஏற்றிவைத்துவிட்டு வருவார்கள். உள்ளே வைக்க, மதலேன் செத்தது அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. ஏற்றாமல் இருக்கவும் மனசு வராது.

நடக்கிற முறையும் மாறியது. அவர் முன்னே, அவள் பின்னே. ஊருக்கு அதில் மட்டும் திருப்தி. அவ்வப்போது அவள் பின்னாலிருந்து பெயர் சொல்வாள், அவர் திரும்பாமலே "ம்" என்பார். அது பேச்சில் சேர்த்தியில்லை, மூச்சு விடுவதுபோல.

1962-ல், பெரிய வெள்ளிக்கிழமைச் சடங்குகள் முடிந்து இருவரும் ஆவூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகள் கூட்டாளிப் பெண்களோடு முன்பே போய்விட்டாள். வயல் வரப்பில் சவரிநாதன் முன்னால் போனார், தலை முழுக்க நரைத்திருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை, காற்றும் இல்லை.

"என்னங்க."

மெல்லிய, களைத்த குரல். அடைக்கலமேரி அப்படிக் கூப்பிட்டுப் பதினொரு வருஷம் ஆயிற்று. குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

முன்னால் போனவரின் தோள் குறுகியது. நடை வேகமாயிற்று. அவருக்கும் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரத்தான் உடம்பு சொன்னது. ஆனால் கண்மாயில் கிடந்து அந்த முதுகைப் பார்த்தவள் அவள்.

"சவரிநாதா" என்றாள். "நில்லுங்க. இந்தத் தடவ திரும்பிப் பாருங்க."

அவர் நின்றார். திரும்பினார். அவர் கண் அடைக்கலமேரியைப் பார்க்கவில்லை, அவள் தோளைத் தாண்டிப் போயிற்று, அங்கேயே நிலைத்தது.

அடைக்கலமேரி பின்னால் பார்க்கவில்லை. வரப்பு குறுகல், ஒருவரை ஒருவர் தாண்டிப் போக இடமில்லை. அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வயலுக்குள் ஒரு காலை இறக்கி ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவளுக்கு வழிவிட்டாள்.